இதர காரணம்

யானை, காட்டுப்பன்றி, வெள்ளம், வறட்சி,
தீ, ஆலங்கட்டி.
பயிர்ச்சேதப் படிவத்தில் ஆறு கட்டம் உண்டு.
ஏழாவது, இதர.
பதினோரு வருட சர்வீஸில்
அதில் நான் பேனா வைத்ததில்லை.

குடியாத்தம் தாண்டி ஊசிமலைப்பட்டில்
ஷூ கம்பெனிக்காரர் போட்ட ஓடுதளம்,
வடக்கு தெற்காக எண்ணூறு மீட்டர்.
என் அடங்கலில் அது இன்னும் புஞ்சைத் தரிசு.
போன தை மாதம் ஓர் ஆடு குறுக்கே ஓடியது.
விமானம் தப்பியது.
ஆட்டுக்கு விலை கொடுத்து
கறியையும் வைத்துக்கொள் என்றார்களாம்.
அது என் மேஜைக்கு வரவில்லை.

இது வந்தது.
தேசம்மாளின் மல்லாட்டைக் கொல்லையில்
ஒரு சக்கரம் தனியே கிடக்க,
மூக்கைச் செம்மண்ணில் குத்தி
வாலைத் தூக்கி நின்றது,
குட்டையில் தண்ணீர் குடிக்கிற குருவி மாதிரி.
பெட்ரோல் வாசனை.
கேப்டன் பொன்னப்பாவை வேலூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.
தோள் எலும்பு. உயிருக்கு ஒன்றுமில்லை.
ஏற்றும்போது கண்ணாடியைக் கேட்டாராம்,
பிறகு, கொடகுத் தமிழில்,
"காத்து இல்லேன்னுதானே காட்டிச்சு."

டேப் பிடித்து அளந்தேன்.
விமானம் அழித்தது நாலு சென்ட்.
பார்க்க வந்தவர்கள் மிதித்தது முப்பத்தொன்று.
அப்போதும் இறக்கையடியில் நின்று
பிள்ளையைத் தோளில் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான் ஒருவன்.
ஐஸ் வண்டி வரப்பு வரை வந்திருந்தது.

தேசம்மாள் கத்தவில்லை.
ஒரு செடியைப் பிடுங்கி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
மஞ்சள் பூ வாடிய இடத்திலிருந்து
ஊதாவாக ஓர் ஊசி கீழ்நோக்கி நீண்டிருந்தது.
மண்ணுக்கு அரை விரல் பாக்கி.
"ஊசி எறங்கற நேரம் சார்.
இப்ப மிதிச்சிட்டா அது மண்ணத் தேடாது.
இன்னா எழுதப்போற?"
பூக்கும் பருவம் என்று எழுதினேன்.
வேறு வார்த்தை அந்தப் பட்டியலில் இல்லை.

காவல்காரர் முனிரத்தினம்
தகரக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார்.
காற்றுப்பை ஆனியிலேயே கிழிந்துபோச்சு.
மூன்று தடவை போன் போட்டாராம்,
வரும் வரும் என்றார்களாம்.
மொட்டைக் கம்பம் பார்க்கப் பொறுக்காமல்
தன் லுங்கியை, நீலக்கட்டம் போட்டது,
ஒரு வாயைச் சுருக்கித் தைத்து மாட்டியிருக்கிறார்.
"லுங்கின்றதே பாதி காத்துப்பைதானே சார்."
இரண்டு மாதம் அது பொய் சொல்லவில்லை.
ராத்திரி மழை.
விடிந்து ஏழரைக்கு
மேல்காற்று தகரத்தைப் பெயர்க்கிற மாதிரி அடிக்க
அது மட்டும் நனைந்து, கனத்து,
கம்பத்தோடு ஒட்டிக்கிடந்தது.
மேலேயிருந்து பார்த்தவருக்கு
காற்றே இல்லாத காலை.

"லுங்கிய மட்டும் எழுதிடாத சார்."
அவர் கட்டியிருந்ததும்
அதே நீலக்கட்டம்தான்.

ஏழாவது கட்டத்தில் டிக் போட்டேன்.
விவரம் என்று பக்கத்தில் அரை வரி இடம்.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
'காற்றுப்பை கிழிந்து இரண்டு மாதம்.
மும்முறை தெரிவித்தும்...'
அதற்கே ஓரத்தில் ஏறி
படிவம் எண் மேல் எழுத்து போனது.
லுங்கிக்கு இடமில்லை.
இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்
என்று இங்கே சொல்லிவிடுகிறேன்.

நிமிர்ந்தபோது மணி பத்தரை.
வெயிலில் லுங்கி முனை முனையாகக் காய்ந்து
ஒருதரம் உதறி, வயிறு நிறைத்து
கிழக்கே விறைத்தது.
நேரே தேசம்மாள் கொல்லையைக் காட்டியது.
இரண்டே முக்கால் மணி நேரம் தாமதமாக,
இம்மி பிசகாமல்.

"எறக்கிடட்டுமா சார்?"

வேண்டாம் என்றேன்.
சாயங்காலம் முதலாளியே
இன்னொரு விமானத்தில் வருகிறாராம்.
தேசம்மாள் அந்தச் செடியைத் திரும்ப நட்டு
கட்டைவிரலால் ஊசியை மண்ணுக்குள் அழுத்திக்கொண்டிருந்தாள்.

ஊசிமலைப் பக்கம்
கறுத்துக்கொண்டு வந்தது.